பல் பார்த்து வாங்கிய மாடும் பாராமல் வாங்கிய கேமராவும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பகுதிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கோடியக்கரைச் சதுப்பு நிலத்தில் வந்து இறங்கும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற இடம் இது. எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பறவை பார்க்கப் போவார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு இருநோக்கி. வரிசை முடிவதற்குள் பறவை பறந்துவிடும்.

அப்படி ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கும் மற்றவர்களுக்கும் வாக்குவாதம். "கொசு உள்ளான்தான்" என்றார்கள் எல்லோரும். "இல்ல சார், மூக்கு கொஞ்சம் கீழ வளைஞ்சிருந்துச்சு. நான் நல்லாப் பார்த்தேன்" என்றாள் அவள். யார் சொல்வது சரி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு படம் இருந்திருந்தால் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பழைய கேமரா ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். புதியது வாங்க வசதியில்லை. உடன் பணியாற்றும் மூவர் ஆளுக்குக் கொஞ்சம் தருவதாகச் சொன்னார்கள்.

அந்தத் தேடலில் நான் 14,000 ரூபாய் இழந்தேன். அறிவியல் ஆசிரியர், பி.எட். படித்தவர், பிள்ளைகளுக்கு "எதையும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்" என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருபவர், சோதிக்காமல் பணம் அனுப்பினார். எப்படி ஏமாந்தேன், அதிலிருந்து என்ன கற்றேன், அதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுபோனேன் என்பதுதான் இக்கட்டுரை.

நடந்தது என்ன?

பழைய பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு தளத்தில் அந்த விளம்பரம் இருந்தது. நல்ல டிஎஸ்எல்ஆர் கேமரா, தொலைவில் உள்ளதைப் படம் பிடிக்கும் லென்ஸ், இரண்டும் சேர்த்து 22,000 ரூபாய். விற்பவர் இராணுவத்தில் இருப்பதாகவும், இடமாறுதல் வந்துவிட்டதால் விற்பதாகவும் சொன்னார். சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன. நான் பள்ளிக்காக வாங்குகிறேன் என்றதும் "பிள்ளைகளுக்கு என்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன் ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

திங்கட்கிழமை "வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்க" 3,000 ரூபாய் முன்பணம். செவ்வாய்க்கிழமை "பார்சல் கட்டியாகிவிட்டது, அனுப்பும் முன் பாதித் தொகை" என்று 6,500 ரூபாய். பார்சல் சீட்டு ஒன்றின் படமும் வந்தது. புதன்கிழமை "வரி கட்டினால்தான் வண்டியில் ஏற்றுவார்கள், பொருள் வந்ததும் திரும்பக் கிடைத்துவிடும்" என்று 4,500 ரூபாய். மூன்று முறையும் யுபிஐ வழியாகத்தான் அனுப்பினேன். திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயராக இல்லை. கேட்டேன். "அது எங்கள் கணக்கர் பெயர்" என்றார். நம்பினேன். புதன் இரவு முதல் அவர் கைப்பேசி அணைந்துவிட்டது.

இராணுவ வீரர் வேடம் புதிய தந்திரம் அன்று. சீருடையின் மேல் நமக்குள்ள மரியாதையைப் பயன்படுத்தி நடக்கும் இம்மோசடியைப் பற்றிப் பல மாநிலக் காவல் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

பணம் போனதைவிடப் பெரிய தவறு ஒன்றை அதன்பின் செய்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. பணம் தந்த மூன்று ஆசிரியர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சனிக்கிழமைதான் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "1930க்குப் போன் பண்ணினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். பண்ணவில்லை.

பணம் எப்போது கைமாறுகிறது?

காவிரிப் பாசனப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு மாட்டுச் சந்தை தெரியும். விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார்கள். ஆனால் பேச்சுக்கு முன்னால் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், பால் மாடு என்றால் கறந்து பார்ப்பார்கள். தெரிந்த தரகர் ஒருவர் நடுவில் நிற்பார். இவை அத்தனையும் முடிந்த பிறகுதான் பணம் மடியிலிருந்து வெளியே வரும். என் தாத்தா இப்படித்தான் மாடு வாங்கினார். பேரன் நானோ பல்லைப் பார்க்காமலே பணம் கொடுத்தேன்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதை ஒரே கேள்வியால் கண்டுபிடித்துவிடலாம்: பொருளைப் பார்ப்பதற்கு முன் பணம் கைமாறுகிறதா, பின் கைமாறுகிறதா, அல்லது நடுவில் ஒருவர் கையில் இருக்கிறதா?

நம்மில் மூத்தவர்கள் வி.பி.பி. தபாலை மறந்திருக்க மாட்டார்கள். புத்தகம் கேட்டு ஒரு அஞ்சலட்டை போட்டால் போதும். தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார், பணத்தை அவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்வோம். பார்சல் வராமலே பணம் போகும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் பிரித்துப் பார்க்கும் முன் பணம் கொடுக்க வேண்டும். உள்ளே புத்தகத்துக்குப் பதில் வேறு ஏதேனும் இருந்தால் என்ன செய்வது? இன்றைய 'பொருள் வந்த பின் பணம்' முறையிலும் இதே பாதி பாதுகாப்புதான். வீட்டு வாசலில் பிரித்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கும் முறை இருந்தால் அது கொஞ்சம் மேல்.

நடுவில் ஒருவர் பணத்தைப் பிடித்து வைத்திருப்பதே முழுப் பாதுகாப்புக்கு மிக நெருங்கிய ஏற்பாடு. ஈபே நிறுவனம் இந்தியாவில் இயங்கிய காலத்தில் 'பைசாபே' என்ற ஏற்பாட்டை வைத்திருந்தது. வாங்குபவர் செலுத்தும் பணம் நேராக விற்பவருக்குப் போகாது. பொருள் வந்து சேர்ந்த பிறகே அவருக்கு விடுவிக்கப்படும். அந்தத் தளம் 2018இல் மூடப்பட்டது. இன்றும் பொருளை வாங்கிச் சோதித்து, தன் பெயரில் பில் போட்டு, உத்தரவாதத்தோடு விற்கும் பழைய பொருள் கடைகளும் நிறுவனங்களும் உண்டு. அங்கே விலை சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகைக்கு நமக்குக் கிடைப்பது பாதுகாப்பு.

வெறும் விளம்பரப் பலகையாக மட்டும் இருக்கும் தளங்கள் வேறு. அவை விற்பவரையும் வாங்குபவரையும் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி. பணம் அவற்றின் வழியாகப் போவதில்லை. ஆகவே பணத்தைத் திருப்பித் தர அவற்றின் கையில் ஒன்றும் இருக்காது. "பெரிய தளத்தில்தானே பார்த்தோம்" என்ற நம்பிக்கைக்கு அங்கே பொருளில்லை. நான் செய்த முதல் தவறு இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தது.

யுபிஐ: வேகமே பலம், வேகமே பலவீனம்

2016இல் வந்த யுபிஐ இன்று டீக்கடை முதல் உப்பளக் கூலி வரை எட்டிவிட்டது. கையில் ரொக்கம் கொடுப்பதும் யுபிஐயில் அனுப்புவதும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: கொடுத்தது கொடுத்ததுதான். நாமே ரகசிய எண்ணை இட்டு இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, "பொருள் வரவில்லை" என்று சொல்லி நம் வங்கி தானாகத் திரும்ப எடுத்துவிட முடியாது. கடன் அட்டையில் ஒரு வணிகருக்குச் செலுத்தியிருந்தால் நிலை வேறு. பொருள் வரவில்லை என்று காலக்கெடுவுக்குள் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டால், அட்டை நிறுவனத்தின் விதிப்படி அந்தத் தொகையைத் திரும்பக் கோர வழியுண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளைப் பற்றியது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியார் சதியால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் நாம் தெரிவித்துவிட்டால், இழப்பு நம்மைச் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் நம் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் ஏமாற்றுக்காரர் சொல்லக் கேட்டு நாமே அனுப்பிய பணம் 'அனுமதி இல்லாமல் போன பணம்' என்ற வகையில் வருவதில்லை. பூட்டை உடைத்துத் திருடுவதற்கும் நாமே கதவைத் திறந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. என் கதை இரண்டாவது வகை.

அண்மையில் இரண்டு நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. பணம் பெறுபவரின் பெயராக, அவர் தானே வைத்துக்கொண்ட பெயரை அல்லாமல் வங்கியில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் 30 முதல் நடைமுறை. தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. "பணம் அனுப்பியிருக்கிறேன், ரகசிய எண்ணை இட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஏமாற்றியவர்கள் பயன்படுத்தியது இந்த வசதியைத்தான். க்யூஆர் கோடு வழியாக அதே தந்திரம் இன்னும் நடக்கலாம். ஆகவே பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டிய விதி ஒன்று: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டாம், கொடுப்பதற்கு மட்டுமே வேண்டும்.

சட்டம் யாருக்குத் துணை நிற்கும்?

"நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். போகலாமா என்பது, விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது.

விற்பவர் கடைக்காரராகவோ நிறுவனமாகவோ இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நமக்குத் துணை. பழைய பொருள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. மறுவிற்பனைக்காக வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கடை டெல்லியில் இருந்தாலும் நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டாலே பல சிக்கல்கள் தீர்ந்துவிடும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

விற்பவர் தன் சொந்தக் கேமராவை விற்கும் தனிநபர் என்றால் அந்த மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தா. தொழிலாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் விற்பனைக்கு விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. அங்கே துணை நிற்பவை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும். 'வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும்' என்பது இரண்டாவது சட்டத்தின் பொதுவான போக்கு. நம் சந்தைப் பழமொழியும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் அச்சட்டம் வாங்குபவரை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. விளக்கம் சொல்லி விற்ற பொருள் அந்த விளக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு வாங்குபவருக்கு உண்டு. விற்பவருக்குச் சொந்தமில்லாத பொருளை அவரிடம் வாங்கினால், பொதுவாக நமக்கும் அது சொந்தமாகாது. திருட்டுக் கேமராவை மலிவாக வாங்கியவர் கேமராவையும் இழப்பார், பணத்தையும் இழப்பார். அசல் பில்லைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வகை, விற்பவரே இல்லாத விற்பனை. பொருளே கிடையாது, பெயரும் பொய். இது நுகர்வோர் சிக்கல் அன்று, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் தண்டிக்கின்றன. இதற்குப் போக வேண்டிய இடம் காவல் துறை.

கேமராவுக்குப் பல் பார்ப்பது எப்படி?

முடிந்தவரை நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே நல்லது. கடற்கரையோரத்தில் வாழும் நாம் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்பதைத்தான். ஈரக்காற்றில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போல வெண்மையாகப் படரும். வெளியே துடைத்தால் போகாது. லென்ஸின் ஒரு பக்கம் கைவிளக்கை அடித்து மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்புக் காற்று பட்ட கேமராவில் லென்ஸ் பொருத்தும் வளையத்திலும் மின்கலம் வைக்கும் இடத்திலும் பச்சை நிறக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ மிகச் சிறிய துளை அளவில், அதாவது எஃப் 22இல், ஒரு படம் எடுங்கள். படத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் உணரியில் தூசி இருக்கிறது. தூசியைச் சுத்தம் செய்துவிடலாம். கீறல் என்றால் வாங்காதீர்கள். டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை, வண்டியின் கிலோமீட்டர் கணக்கைப் போன்றது. தொடக்க நிலை, நடுத்தரக் கேமராக்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சோதனை அளவு ஒரு லட்சம் முறை. சில கேமராக்களில் எடுத்த படத்துக்குள்ளேயே இந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற மறைவான குறிப்பு உண்டு. கேமரா வகை, எடுத்த நாள், சிலவற்றில் வரிசை எண்கூட அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இக்குறிப்பு அழிந்துவிடும். ஆகவே மின்னஞ்சலில் அசல் கோப்பைக் கேளுங்கள்.

நேரில் போக முடியாதபோது நான் இப்போது கேட்பவை மூன்று. ஒன்று, காணொளி அழைப்பில் கேமராவை இயக்கிக் காட்ட வேண்டும். அப்போது அன்றைய தேதியும் என் பெயரும் எழுதிய தாள் ஒன்றைக் கேமராவுக்கு அருகில் வைக்க வேண்டும். இரண்டு, கேமராவின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். மூன்று, விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடுவேன். வேறு ஊரில் வேறு பெயரில் அதே படம் இருந்தால் அதோடு விட்டுவிடுவேன். உண்மையான விற்பனையாளர் இந்த மூன்றுக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

ஏமாந்துவிட்டால்: 1930

முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. 2021இல் 155260 என்று தொடங்கிய உதவி எண், பின்னர் 1930 ஆனது. அழைத்ததும் அவர்கள் கேட்பது நம் வங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை. அந்தத் தகவல் பணம் போன வங்கிக்கு உடனே போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் தகவல் அங்கே தொடர்ந்து போகும். ஏமாற்றுக்காரர் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுப்பதற்குள் இது நடந்தாக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தைக் காவல் துறையினர் பொன்னான நேரம் என்பது அதனால்தான். அதன்பின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். உரையாடல்களையும் படங்களையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. அவைதான் சாட்சி. நம் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வங்கி 30 நாள்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நான் மூன்றாம் நாள்தான் அழைத்தேன். முதல் இரண்டு தொகைகளும் எங்கோ போய்விட்டன. கடைசியாக அனுப்பியதில் 2,800 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் சிக்கியிருந்தது. பல மாதங்கள் கழித்து நீதிமன்ற உத்தரவின் பேரில் அது திரும்பி வந்தது. புதன் இரவே அழைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். என் கூச்சத்தின் விலை அது.

வகுப்பறையில்

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆசிரியர் ஏமாந்த கதையைப் பிள்ளைகள் சிரித்துப் பேசினால் மரியாதை என்ன ஆவது? ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பணம் அனுப்பிய இடம் வந்ததும், உள்ளானின் மூக்கைப் பார்த்த அதே மாணவி கையைத் தூக்கினாள். "சார், பேரு வேறயா வந்துச்சே, அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல?" மூக்கின் வளைவைக் கவனித்தவள் பெயரையும் கவனித்துவிட்டாள். அவதானித்தல் என்று நாம் அறிவியலில் கற்பிக்கும் திறன் இதுதானே!

அன்று பறவை வளையத்தை வைத்துப் பாடம் நடத்தினேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி ஆய்வு செய்து வருவது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த எண்ணை வைத்து ஒரு பறவை எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கண்டுபிடிக்கலாம். கேமராவுக்கு வளையம் அதன் வரிசை எண். கைப்பேசிக்கு வளையம் ஐஎம்இஐ எண், *#06# என்று அழுத்தினால் தெரியும். யுபிஐயில் போன பணத்துக்கும் வளையம் உண்டு, அதுதான் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அதைக் குறித்து வைத்தவரால்தான் பறந்த பணத்தைத் தேட முடியும். பிள்ளைகளை வீட்டில் உள்ள ஒரு பொருளின் வரிசை எண்ணையும் பில் இருக்கிறதா என்பதையும் எழுதி வரச் சொன்னேன். பல வீடுகளில் பில் இல்லை என்று அன்றுதான் பெற்றோருக்கே தெரிந்தது.

உதவி எண்ணை நினைவில் நிறுத்த எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்தது எங்கள் வேதாரண்யத்தில். "உப்புச் சத்தியாகிரகம் நடந்த வருஷம் எது?" என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும். "பணம் போனால் அழைக்க வேண்டிய எண்ணும் அதுவே" என்றேன். மற்ற ஊர் ஆசிரியர்களும் தண்டி யாத்திரையைச் சொல்லி இதே எண்ணைப் பதிய வைக்கலாம்.

இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் விற்பவராகவும் மற்றவர் வாங்குபவராகவும் நடிக்கச் செய்வது நல்ல பலன் தந்தது. விற்பவருக்கு மட்டும் ரகசியமாக ஒரு சீட்டு: 'நீ உண்மையானவன்' அல்லது 'நீ ஏமாற்றுக்காரன்'. வாங்குபவர் ஐந்து கேள்விகளில் கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்படுத்துவது, நேரில் காட்ட மறுப்பது, பெயர் பொருந்தாதது, சிறு சிறு தொகையாகத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகிய நான்கு அடையாளங்களையும் பிள்ளைகளே பட்டியலிட்டார்கள். குடிமக்கள் நுகர்வோர் மன்றம் உள்ள பள்ளிகளில் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று இதை நடத்தலாம். தொடக்கப் பள்ளியில் மிட்டாய்க் கடை விளையாட்டாக மாற்றிக்கொள்ளலாம். மேல்நிலை வணிகவியலில் ஒப்பந்தச் சட்டம் நடத்தும்போது எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

அந்த வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் வராந்தாவில் நின்றான். எல்லோரும் போகும் வரை காத்திருந்து, "சார், எங்க அக்கா நேத்து ராத்திரி ஒருத்தருக்கு அஞ்சாயிரம் அனுப்பிட்டா. வீட்டிலேயே வேலை தர்றேன்னாங்களாம். அம்மாவுக்குத் தெரியாது. அழுதுக்கிட்டே இருக்கா" என்றான். மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு வரச் சொல்லி, தலைமை ஆசிரியை அறையிலிருந்து அவரே 1930க்கு அழைத்துப் பேசினார். பணத்தில் பெரும்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டதாகச் சில நாள்களில் தகவல் வந்தது. மாலையில் அம்மாவிடமும் சொல்லிவிட்டார்கள். நான் என் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் வாய் திறந்திருப்பானா?

ஏமாற்றுபவருக்கு நம் அறியாமை எவ்வளவு உதவுகிறதோ அதே அளவு நம் கூச்சமும் உதவுகிறது. படித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் கூடுதல், ஆசிரியர்களுக்கு அதைவிடக் கூடுதல். "இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டியே" என்று நாம் யாரையும் கேட்காமல் இருந்தாலே, நம் பிள்ளைகளில் பலர் நேரத்தோடு வந்து சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு தஞ்சாவூரில் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பழைய கேமரா ஒன்றைப் பார்த்தேன். கைவிளக்கு கொண்டுபோயிருந்தேன். சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன், பில்லோடு எண்ணை ஒப்பிட்டேன். அவர் தேநீர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். விற்றதாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அதன் பிறகே யுபிஐயில் பணம் அனுப்பினேன். திரையில் வந்த பெயரைச் சத்தமாகப் படித்து, "உங்க பேருதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் ரகசிய எண்ணை இட்டேன். அந்தக் கேமராவின் வரிசை எண் இன்று மன்றத்தின் இருப்புப் பதிவேட்டில் முதல் வரியில் இருக்கிறது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறோம்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. இந்த ஐப்பசியில் சேற்றில் மேய்ந்த உள்ளான் ஒன்றை அவளே படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தோம். மூக்கு கீழே வளைந்துதான் இருந்தது.